எக்கோ அறை, சாட்ஸ்வர்த்

இந்த மாதம் ஏழாவது.
பிரகலன் நாயக்கர், முப்பத்தொன்று, மெரிபேங்க்.
ஜெல் பட்டதும் சிலிர்த்தான்.
மூன்று வாரமாய் விட்டுவிட்டு வந்த காய்ச்சலை
டர்பன் வெக்கை என்றே நினைத்தானாம்.

திரையில் மைட்ரல் வால்வு
திறக்கிறது. மூடப் பார்க்கிறது.
அதன் நுனியில் ஏதோ ஒன்று
கதவிடுக்கில் சிக்கிய சேலைத் தலைப்பு போல
படபடக்கிறது.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தேன். குறையவில்லை.

அடுத்தது படிவம்.
ஆண்டுக் கடைசியில் டாக்டர் ஸோண்டி
எல்லாவற்றையும் கூட்டி
லட்சத்துக்கு இத்தனை பேர் என்பார்.

சிறுவயதில் மூட்டு வீங்கிய காய்ச்சல்?
எட்டு வயதில். மாதம் ஒரு ஊசி,
பஸ்ஸுக்குக் காசு இருந்தவரை.
சொத்தைப் பல்?
வாயைத் திறந்தே காட்டினான்.
போதை ஊசி?

சுவரோரம் உட்கார்ந்திருந்த
அம்மாவைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.

"தண்ணி வாங்கியாறேன்" என்று எழுந்தாள்.
வெளியே போகும்போது
அவள் கையில் இருந்த பாட்டில்
கழுத்துவரை நிரம்பியிருந்தது.

கதவு சாத்தியது.
திரையில் அது ஆடிக்கொண்டேயிருந்தது.

"இப்பக் கேளுங்க, சிஸ்டர்."

நான் சிஸ்டர் இல்லை,
படம் எடுக்கிறவள்.
கேட்டேன்.