இரவு ஐந்தொகை

பாகம் பிரித்ததில் எனக்கு வந்தது
முகப்பை ஒட்டிய இரட்டை அறை.
கழிப்பறை மட்டும் பொது.
அது பின்கட்டும் தாண்டி
அடுத்த தெருவின் மதிலோரம்.

எழுபத்தொன்பது தப்படி.
இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல்
பெயர்ந்த ஓரிடம்,
அங்கே மட்டும் இடது கால் தயங்கும்.
விளக்குப் போடுவதில்லை.
ஓர் இரவுக்கு ஐந்து தடவை நடந்தால்
யாருக்கும் பாதை மனப்பாடம்தான்.

முப்பத்து நாலு வருஷம்
காரைக்குடி பைனான்ஸ் ஒன்றில் கணக்கு.
முட்டிக்கொண்டு வந்தாலும்
இந்தக் கூட்டலை முடித்துவிட்டு என்று
அடக்கிப் பழகினவன்.
தண்ணீர் குடித்தால் எழுந்திருக்க வேண்டுமே என்று
பகலெல்லாம் வறண்டு கிடந்து,
வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்பு,
ஒன்பது மணிக்குப் பரோட்டா, சுக்கா,
அதன்மேல் டபரா வழியக் காபி.

மதுரை டாக்டர் சின்ன வயசுப் பெண்.
எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே
எல்லாவற்றையும் சொன்னேன்.
காகிதத்தில் ஒரு வட்டம் போட்டாள்:
நெல்லிக்காயாய் இருக்க வேண்டிய புராஸ்டேட்
எலுமிச்சையாகி வழியை நெரிக்கிறதாம்.
ரத்தத்தில் இப்போதைக்குப் பயமில்லை,
ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள்.
சாப்பாட்டை மாற்றினால் அது சுருங்காது சார்,
உங்கள் தொல்லை குறையும்.
முதலில் மூன்று நாள்
குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு,
மணி போட்டு எழுதி வாருங்கள்.

எழுதச் சொல்கிறாள்.
என்னிடம்.

புதுப் பேரேடு எடுத்து
உச்சியில் சிவமயம் என்று எழுதி
கொஞ்சம் யோசித்து
அடித்துவிட்டேன்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
உமையாள் தன் அளவுக் குவளையைத் தந்து
இனி இது அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்றாள்.

மூன்றாம் நாள் ஐந்தொகை கட்டினால்
வரவில் பாதி
இரவு எட்டுக்கு மேல் விழுந்திருக்கிறது.
ஊரார் கணக்கில் இப்படி இருந்தால்
கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

அன்றிரவு மூன்று மணி.
எழுபத்தொன்பது தப்படியும் போய்ப் பார்த்தால்
கதவு உள்தாழ்.
வெளியே வந்தது வயிரவன்.
பங்காளி. பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை.
இதே வீட்டுக்காக தேவகோட்டைக் கோர்ட்டில்
எதிரெதிர் பெஞ்சு.

என் கையில் குவளை, நோட்டு.
எத்தனாவது, என்றான்.
மூணு. உனக்கு?
நாலு. நேத்து ஆறு.
யாரிடம் காட்டுறே?
காட்டலை. வெக்கமா இருக்குல்ல.

பதினோரு வருஷம் அடக்கியது
அதற்குமேல் நிற்கவில்லை,
நோட்டை அவன் கையில் திணித்துவிட்டு
உள்ளே ஓடினேன்.
திரும்பினால் டார்ச் அடித்து
வரி வரியாய் வாசித்துக்கொண்டிருக்கிறான்.
பூராவும் காபியாவுல்ல இருக்கு, என்றான்.

இப்போது என் காபி நாலு மணியோடு சரி.
ராச்சாப்பாடு ஏழுக்கு, இட்லியும் கீரையும்.
சுக்கா ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்,
அதைக் கேட்டுக் கேட்டு நாக்கு
ஆறு நாள் வழக்காடுகிறது.
மாத்திரை ஒன்று.
அந்தியில் ஊருணியைச் சுற்றி நடை,
அவன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறான்,
சுற்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறோம்.
இரவு எனக்கு இரண்டாகியிருக்கிறது.
சில நாள் மூன்று.

பதினெட்டாம் தேதி வாய்தா.
அதே நாள்தான் மதுரையில்
அவனுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
எந்தப் பஸ் ஏறுவான் என்று
இன்னும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.