அறுபத்திரண்டு டிகிரி

டுலூத்தில் ஜனவரி.
கரையோரம் ஏரி கல்லாகிவிட்டது.
ஹீட்டர் முள் அறுபத்திரண்டில் நிற்கும்,
யாரும் தொடக்கூடாது.
நவம்பரிலேயே பீட்சா அட்டையின் பின்புறம்
மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஓரின் ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினான்.
காற்றடித்தால் அது
வயிறு உப்பி மூச்சுவிடும்.
மார்கிட் குளியலறையில்
நான்கு நிமிட மணல் கடிகாரம் வைத்தாள்.
நான் அதைப் படுக்கவைத்துவிட்டுக் குளித்தேன்.

வீட்டுப் பொருள் காப்பீட்டை
ஒரே பாலிசியாக எடுத்தால்
ஆளுக்கு மாதம் ஏழு டாலர் மிச்சம்.
படிவத்தில் ஒரு கட்டம்:
மற்றவர்கள் உங்களுக்கு என்ன உறவு?
பேனாவும் கையுமாய் அடுப்படியில் நின்றோம்.
"ஃப்ரிட்ஜ் பங்காளிகள்னு எழுது" என்றான் ஓரின்.
மார்கிட் ஒரு கோடு கிழித்தாள்.

பிப்ரவரியில் அவன் சைக்கிள் களவு போயிற்று.
இழப்பீடு கேட்டால்
மூவர் பெயரிலும் பதிவாகும்,
அடுத்த வருடம் தவணை ஏறும்.
"பழைய சைக்கிள்தானே" என்றான்.
பழையதில்லை.
ரசீதை நான் பார்த்திருக்கிறேன்.

பனியில் வேலைக்கு நடந்தவன்
அந்த வாரமே இருமத் தொடங்கினான்.
சுவருக்கு இந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரவு மூன்று மணிக்கு
வெறுங்காலோடு கூடத்துக்குப் போனால்
முள் ஏற்கெனவே அறுபத்தெட்டில்.
மார்கிட்டின் கதவடியில்
வெளிச்சம் சட்டென்று அணைந்தது.

மார்ச்சில் எரிவாயு பில் வந்தது.
மார்கிட் படித்தாள், மூன்றால் வகுத்தாள்.
தொகையைப் பற்றி ஒரு பேச்சில்லை.
மிஞ்சிய இரண்டு சென்டை
யார் கட்டுவது என்றுதான்
பதினொரு மணிவரை சண்டை.