ஈரம் பதினாலு வீதம்

மல்லாவியில் டயர்க் கடைக்குப் பின்னால் ஓர் அறை.
யன்னலுக்கு மெத்தை, சுவருக்கு முட்டைத் தட்டு.
ஃபானை நிற்பாட்டினால்தான் பதிவு.
கஜந்தினி வேர்த்து வேர்த்துப் பாடிவிட்டுக்
கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.
இப்போது அவள் குரல் மட்டும்
திரையில் நீலமாய்க் கிடக்கிறது,
வாளைக் கருவாடு மாதிரி,
ஒரு சொட்டு எதிரொலி இல்லாமல்.

மென்பொருளுக்குள் மண்டபங்கள் வரிசையாய் நிற்கின்றன.
ஒவ்வொன்றாய் அவளைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன்.
கல் தேவாலயத்தில் வால் நாலரைச் செக்கன்:
முதல் வரி முடியுமுன்னமே
அதன் முதுகில் இரண்டாவது ஏறிற்று.
வியன்னா மண்டபத்தில்
இரவல் சேலை கட்டியவள்போல் நின்றாள்.

வாலை நறுக்கினேன். ஒன்று தசம் ஆறு.
முன்தாமதம் இருபது மில்லிசெக்கன்,
சொல் வாயைவிட்டு இறங்கிச்
செருப்பை மாட்டிக்கொள்ளும் நேரம்.
அதற்குப் பிறகுதான் சுவர் பேசவேண்டும்.

எந்தச் சுவர்?
இங்கே முக்கால்வாசிச் சுவர்களுக்கு
கஜந்தினியைவிட வயது குறைவு.
வெளியில் நின்று கூப்பிட்டால்
சத்தம் பட்டி மறந்த மாடு.

துணுக்காய்ப் பக்கம் ஒரு நெல் களஞ்சியம்,
அறுவடைக்கு முன்னம் வெறுமையாய் இருக்கும்.
ஒரு பலூன், ஒரு ஊசி, இரண்டு மைக்.
வெடிக்கிற கணத்தில்
அறை தன் உருவம் முழுவதையும்
ஒருமுறை சொல்லிவிடும்.

"உடைக்கப்போறன் அண்ணை, பயப்பிடாதேங்கோ."
"பலூனுக்கோ?" காவலாளி செபமாலை சிரித்தார்.
ஊசி பட்டது.
திரும்பிப் பார்த்தேன்: அவர் தரையில்,
இரண்டு கையும் தலைக்கு மேல்.
கூரையிலிருந்து புறாக்கள் எழும்பின.
களஞ்சியம் அந்தச் சத்தத்தை
இரண்டு செக்கன் விடாமல் வைத்திருந்தது.

சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பியவர்
"இன்னொருக்கா உடை" என்றார்,
"சரியா விழுந்துதோ தெரியாது."
மூன்றாவது பலூனை அவரே
நூலில் பிடித்துக்கொண்டு நின்றார்,
கண்ணை மூடாமல்.

முதலாவதைப் போட்டால்
அவள் பாடும் ஒவ்வொரு சொல்லின் பின்னும்
சிறகு படபடக்கிறது, ஒரு உடம்பு விழுகிறது.
அழிக்கவில்லை. வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.
மூன்றாவதுதான் சுத்தம்.
தகரக் கூரை, சீமெந்துத் தரை,
மூலையில் அடுக்கிய வெற்றுச் சாக்கு
உயர் சுரங்களைக் கொஞ்சம் குடித்துவிடுகிறது. நல்லது.

போன் அடித்தது. செபமாலை.
"என்ன மாதிரி?"
"ஈரம் எவ்வளவு விடுறதெண்டு பாக்கிறன் அண்ணை.
கூடினால் குரல் ஊறிப்போகும்,
குறைஞ்சால் காய்ஞ்சு வெடிக்கும்."
அவர் யோசிக்கவே இல்லை.
"பதினாலு வீதம். அதுக்கு மேல எண்டால்
மீற்றரைக் குத்திப் பாத்திட்டு
மூட்டையைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

பதினாலில் வைத்துக் கேட்டேன்.
குரல் களஞ்சிய வாசல்வரை வந்து
உள்ளே வராமல் நிற்கிறது.
பதினைந்து. பதினாறு.
பதினேழில்
அவள் 'தண்ணி' என்று இழுக்குமிடத்தில்
எங்கோ ஒரு தகரம்
அதை மெல்லத் திருப்பிச் சொல்கிறது.

நாளைக்கு அவள் காதுக்கு இது கூடுதலாய்ப் படலாம்.
பத்தரை மணி. ஃபானைப் போட்டேன்.
செபமாலை கேட்டால்
பதினாலு என்றுதான் சொல்வேன்.