நூற்றில் இருபத்தைந்து

குலசேகரத்துப் பால்
ஆரல்வாய்மொழிக் காற்றைத் தாண்டி
பீப்பாயில் வந்து இறங்குகிறது பேட்டையில்.
மூடியைத் திறந்தால் அமோனியா
முதலில் என் கண்ணைத்தான் விசாரிக்கும்.
திரியாமல் காப்பது அதன் வேலை.
என் வேலை
அந்தக் காவலை எழுப்பி அனுப்பிவிட்டு
அமிலம் ஊற்றுவது.

"எலுமிச்சை பிழிஞ்சாலும் பால் திரியக் கூடாதுன்னா
நடக்கிற காரியமா டீச்சர்?"
மைதீன் பிச்சை முதலாளி சிரித்தார்.
நான் டீச்சர் இல்லை.
வேதியியல் படித்துக் கண்ணாடியும் போட்டதால் டீச்சர்.

முதல் தடவை திரிந்தது.
இரண்டாம் தடவை நடுராத்திரி கரண்ட் போய்
கலக்கி நின்ற ஏழாம் நிமிடம்.
மூன்றாம் தடவை குற்றவாளி தண்ணீர்:
டம்ளர் அடியில் வெள்ளை வட்டம் போடுகிற
எங்கள் போர் தண்ணீர்.
ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது,
எங்கள் குழாய்க்குள் வர அதற்கு மனசில்லை.

தொட்டியோடு உறைந்த கட்டியை
பூலுடையார் கடப்பாரையால் பெயர்த்தார்.
இப்போது அது கேட்டுக்கு முட்டு.
எறும்பு அதில் ஏறுவதில்லை.
எறும்பின் அமிலத்தைத்தான் அதற்கு ஊட்டியிருந்தோம்.

நான்காம் தடவை
வாங்கிய தண்ணீர். முதலில் சோப்பு,
நேர் எதிர் எந்தக் கட்சியிலும் சேராத சோப்பு.
ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சட்டை மாட்டியபின்
அமிலம்.
அதன்பின் பெராக்சைடு, சொட்டுச் சொட்டாக,
மூன்று மணி நேரம்.

ஐந்து கார்பனுக்கு ஒருமுறை
சங்கிலியில் ஒரு இரட்டைப் பிணைப்பு வரும்.
அங்கே ஒரு கை சும்மா இருக்கிறது.
அதில் ஆக்சிஜனை ஏற்றினால்
பாளை பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில்
மூன்று பேர் உட்கார்ந்தது மாதிரி ஒரு வளையம்.
இடுக்கம்தான். யாரும் இறங்கவில்லை.
எல்லா சீட்டிலும் வேண்டாம்,
நூற்றில் இருபத்தைந்து போதும்.

சூடு அறுபதைத் தாண்டியது.
அறுபத்தைந்து. அறுபத்தெட்டு.
பூலுடையார் சைக்கிளை மிதித்து
உவரி மீன் வந்த பெட்டி ஐஸை
சாக்கோடு கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிக் கொட்டினார்.
ஐஸில் ஒரு நெத்திலி.
மணி மூன்று இருபது.
பால், பாலாகவே இருந்தது.

கந்தகம் சேர்த்து வார்த்த வில்லைகளை
ஏழு நாள் டீசலில் போட்டோம்.
சாதா ரப்பர்
ஊறிய கொண்டைக்கடலையாய்ப் பருத்து
நகம் பட்டால் பிய்ந்தது.
எங்களுடையது லேசாக உப்பி, அத்தோடு நின்றது.

மிச்சத்தை அச்சில் அழுத்தி
பூலுடையார் மகனுக்கு ஒரு பந்து செய்தார்.
சிமெண்ட் தரையில் போட்டார்.
தொப்.
கெண்டைக்கால் உயரம்கூட எழவில்லை.
"செத்த பந்துல்லா இது!"

கூத்தங்குழி கித்தேரியான்
படகு எஞ்சினுக்கு வாசர் கேட்டு வந்தவர்
அதை எடுத்து இன்னொரு தடவை போட்டார்.
தொப்.
"அதுவே கிடந்து ஆடுது. கூட ஆடாத ஒண்ணுதாம்மா
எனக்கு வேணும்" என்றார்.
ஐம்பது வாசருக்கு முன்பணம்,
மீன் வாடையுள்ள நோட்டுகள்.

ராத்திரி பதிவேட்டில் எழுதினேன்:
எண்ணெய்க்கு இளகவில்லை.
துள்ளல் குறைவு.
நடுவில் போட வேண்டியது
'ஆனால்' என்பதா 'அதனால்' என்பதா
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

மகன் அந்தப் பந்தை வாங்கிக்கொள்ளவில்லை.
பதிவேட்டின் மேல்தான் இருக்கிறது,
ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும்
ஒரு தாள் எழுந்திருக்கவில்லை.