இரண்டாவது கியர்

மேட்டுப்பாளையத்தில் ஏற்றியது
எட்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு சாக்கு நிறைய வயர்,
சவப்பெட்டி மாதிரி நீளமாய் ஒரு கிடார் உறை.
கோத்தகிரி பேட்மிண்டன் ஹாலில் இறக்கிவிட்டு
வாடகையை எண்ணிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.
மழை விடவில்லை.
குஞ்சப்பனைக்கிட்ட மரம் விழுந்து கிடப்பதாக
போன் வேறு வந்தது.

தகரக் கூரை. அறுபது பேர் இருக்கலாம்.
ஸ்வெட்டருக்கு மேலே கறுப்பு பனியன் மாட்டிய பையன்கள்,
ஷெட்டிலிருந்து கை கழுவாமல் வந்த ரெண்டு மெக்கானிக்,
முன்வரிசையில் டீச்சர் ஒருத்தி, காதில் பஞ்சு.

முதல் அடி விழுந்தது.
அடுத்ததற்காக நின்றேன்.
வரவில்லை.
வோல்டேஜ் இறங்கிவிட்டதென்று
ட்யூப் லைட்டைப் பார்த்தேன்.
அது ஒழுங்காகத்தான் எரிந்தது.

பிறகு வந்தது இரண்டாவது.
நெஞ்செலும்பு கேட்டுவிட்டு
காதுக்குச் சொன்னது.

டிரம்ஸில் ஹாலன்.
பகலில் தேயிலை ஆலையில் டிரையர் பார்க்கிறவனாம்.
குச்சியைத் தோளுக்கு மேல் தூக்குகிறான்,
தூக்கிய இடத்திலேயே வைத்திருக்கிறான்.
அந்த நேரத்தில் நான் ஒரு பீடி பற்றவைத்திருப்பேன்.
விரைசலாக அடிக்கிறவன் தப்பினால்
அடுத்த அடி மூடிவிடும்.
இவன் அடிக்கு இருபக்கமும் வெட்டவெளி.
மயிரிழை முந்தினாலும்
நடுரோட்டில் நிற்கும் காட்டெருமை மாதிரி
அத்தனை பேருக்கும் தெரியும்.

ஜெசிந்தாவின் பேஸ் கம்பிகள்
துணி காயப்போடும் கொடிபோல் தளர்ந்திருந்தன.
ஒருமுறை தட்டினாள்.
அழுத்திய விரலை எடுக்காமல் இருந்தாள்.
எடுக்காமல் இருப்பதுதான் வேலை என்று
எனக்கு வெகுநேரம் கழித்தே புரிந்தது.
சத்தம் தேய்ந்து, தரையில் புகுந்து,
என் ரப்பர் செருப்பு வழியாக ஏறியது.
மூலையில் நெட் கட்டும் கம்பம் ஒன்று
தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது.

முபாரக் கிடாரோடு பெட்டியை நோக்கி
அரை அடி நகர்ந்தான். ஊளை.
கால் அடி பின்வாங்கினான்.
அதே ஊளை சுருதியாகப் பழுத்தது.
சாயங்காலமே அந்த இடத்தைத் தரையில்
சாக்பீஸால் குறித்து வைத்திருந்தான்.
பெட்டி இறக்கும்போது பார்த்தேன்;
ஷட்டில் கோடு என்று மிதித்துப் போனேன்.

பாட்டு முடிந்ததென்று யாரோ கை தட்டினார்கள்.
முடியவில்லை.
கைதட்டலின் மேலேயே விழுந்தது அடுத்த அடி.
மறுபடி இடைவெளி. மறுபடி ரெண்டு பேர் தட்ட,
ஹாலன் சிரிக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை.
மூன்றாவது முறை ஒருவரும் தட்டவில்லை.
அறுபது பேரும் மூச்சைப் பிடித்து நின்றோம்,
தகரத்தில் மழை மட்டும்
தாளம் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்க.

அப்போதுதான் கவனித்தேன்,
அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
ஜெசிந்தா கண்ணை மூடியிருந்தாள்.
முபாரக் எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றான்.
விழுந்தது ஒரே அடி,
மாடிப்படியில் மூன்று பேர் பீரோ இறக்கி
சுவரில் ஒரு மூலைகூட இடிக்காமல்
தரையில் வைப்பதுபோல.

பத்தொன்பது வருஷமாக இந்த மலையில் லாரி ஓட்டுகிறேன்.
வேகமாகப் போகிறவனை டீக்கடையில் பேசுவார்கள்.
முழு லோடோடு, மூடுபனியில்,
பிரேக்கைச் சூடாக்காமல்
ஏறின கியரிலேயே இறங்குகிறவனை
பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே திட்டும்.
கனத்தை இஞ்சின் பிடித்து இழுக்கிற அந்த முனகல்
இந்த ஹாலில் கேட்டது.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

ரெண்டு பாட்டு வாசித்தோம் என்றார்கள்.
எனக்கு ஒன்றுதான் கணக்கு வந்தது.
டீச்சர் பஞ்சை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.
குளிரில் ஹாலன் முதுகிலிருந்து
ஆவி பறந்துகொண்டிருந்தது,
ஓடி வந்தவன் மாதிரி.

மரத்தை அறுத்து ஒதுக்கியாயிற்றாம்.
பெட்டிகள் நாளைக்குத்தான் இறங்கும். லாரி காலி.
இருந்தும் முதல் கொண்டை ஊசியில்
என் கை தானாகத் தேடியது இரண்டாவதை.
வைப்பர் ஒருமுறை போய்
திரும்பி வருவதற்குள்
எவ்வளவு இடம் கிடக்கிறது.