ஏழு டெசிபல்

கேபிள் பில்லை யார் கட்டுவது என்று
கோர்ட்டுத் தாளில் எழுத மறந்துவிட்டார்கள்.
அக்டோபர் கடைசி ஞாயிறு, கூரைமேல் நான்.
கீழே ஏணியைப் பிடித்தபடி வெர்லின்,
போன ஜூன்வரை என் கணவன்,
இப்போது அடித்தளத்தில் குடியிருப்பவன்.
வீடு விற்கும்வரை இப்படித்தான்.
பனி தொடங்கிவிட்டால் மினசோட்டாவில்
யார் வீடு பார்க்க வருகிறார்கள்?

கோபுரங்கள் நாற்பத்தோரு மைல் தெற்கே.
திசைகாட்டி சிம்னி இரும்பிடம் ஏமாறுகிறது.
ஹெக்லண்டின் தானியக் கிடங்கு உச்சிக்கு
ஒரு விரற்கடை இடதாகத் திருப்புகிறேன்.
மாடி ஜன்னலில் மாய் யீ, எங்கள் வாடகைக்காரி,
ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், தூங்காத கண்ணோடு:
"வருது ஆர்டிஸ், வருது... போச்சு."

பழைய டிவியில் புள்ளிமழையாவது பெய்யும்,
அதற்குள் ஒரு முகம் மூழ்கி மூழ்கி மிதக்கும்.
டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.
உடைவதற்கு ஒரு நொடி முன்புகூட
படம் பளிச்சென்றுதான் இருக்கும்.
பிறகு கட்டம் கட்டமாய்,
பிறகு கறுப்பு.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
ஒரு கம்பி நான்காகப் பிரிகிறது.
பிரிப்பதற்கு ஏழு டெசிபல் போய்விடும் என்றான் கடைக்காரன்.
வக்கீலைவிட மலிவுதான்.
பெருக்கியை மேலே, கம்பத்திலேயே மாட்டு,
பிரித்தபிறகு பெருக்கினால்
இரைச்சல்தான் பெருகும் என்றான்.

சமையலறைக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று,
மாடிக்கு ஒன்று.
நான்காவது துளையில் யாரும் இல்லை.
சும்மா திறந்து விடக்கூடாதாம்;
அங்கே போகும் சிக்னல் முட்டித் திரும்பி
மற்றவர்கள் படத்தில் வம்பு செய்யுமாம்.
ஒரு டாலருக்கு ஒரு குட்டி உலோகத் தொப்பி.
வெர்லின் திருகினான். இறுகவில்லை.
பிளையரை நீட்டினேன்.
தேங்க்ஸ் என்றான், கடையில் சொல்வதுபோல.

வெள்ளி இரவு ஹாக்கி.
என் பெட்டி மந்தம், ஒன்றரை விநாடி பின்தங்கும்.
என் திரையில் பக் இன்னும் நடுக்கோட்டில்;
தரைக்கு அடியிலிருந்து வெர்லின் கத்துகிறான்.
கரண்டியோடு திரும்புகிறேன்.
கோல் என்று தெரிந்துவிட்டது,
அடிக்கப்போவது யார் என்பதுதான் பாக்கி.
பதினெட்டாம் நம்பர்! அந்தப் பொடியன்!
நான் கத்தி முடிப்பதற்குள்
தலைக்குமேல் மாய் யீ குதிக்கிறாள்,
குழல்விளக்கு ஆடுகிறது.

சூப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.
காலையில் மறுபடி ஸ்கேன் செய்யவேண்டும்,
ஒன்பதாம் சேனலைக் காணோம்.