தசை ஆடும்

மே மாதம். இரவு பதினொன்றுக்கும் வெயில்.
ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டித்தான்
இருட்டைச் செய்கிறோம், குழந்தைக்கு.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
ஐஸ்லாந்தில் ஆறு மாதம் வரை பொறுக்கும் அரசாங்கம்.
பொறுக்காதது செவிலி பெர்க்லியோத்தின் படிவம்:
பார்த்தவுடன் பாசம் பொங்கியதா?
ஆம். இல்லை.
நடுவில் கட்டம் கிடையாது.

பொங்கவில்லை.
அக்குரேரி ஆஸ்பத்திரியில்
ஈரமாய், சிவப்பாய், யாருடையதோ போல் ஒன்றை
என் மார்பில் வைத்தார்கள்.
அதன் நகங்களைப் பார்த்தேன்.
இதற்குள் இவ்வளவு நீளமா என்று நினைத்தேன்.
அவ்வளவுதான் நினைத்தேன்.
ஆம் என்பதில் குறியிட்டேன்.

வரும், என்றாள் மாமியார்.
தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும்.

நான்காம் நாள் காபி கொடுக்கக் கொட்டிலுக்குப் போனேன்.
நூற்றேழாம் எண் ஆடு, முதல் ஈற்று,
தன் குட்டியை முட்டி முட்டித் தள்ளியது.
உல்ஃபர் திட்டவில்லை. அவன் அப்பாவும் திட்டவில்லை.
"புதுசு, பாவம், மிரண்டு போயிருக்கு" என்று
குறுகலான பட்டியில் அடைத்து
வெந்நீரில் வெல்லப்பாகு கரைத்து வைத்தார்கள்.
மூன்று நாள் பார்ப்போம். இல்லாவிட்டால் புட்டி இருக்கிறது.
நீயெல்லாம் ஓர் ஆடா என்று
யாரும் கேட்கவில்லை.

எனக்கு யாரும் வெல்லப்பாகு தரவில்லை.

குட்டி கத்தியது.
என் சட்டை நனைந்தது, இரண்டு பக்கமும்.
ஆடியது தசை,
ஆட்டுக்குட்டிக்கு.
சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் போகவே
வைக்கோல் கட்டின் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

உல்ஃபரின் கை முழங்கை வரை உள்ளே போகும்.
குறுக்கே கிடக்கும் குட்டியைத் தடவி
இது முன்னங்கால், இது பின்னங்கால் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்லும்.
கூடப் பிறந்த கை என்று ஒருவரும் சொன்னதில்லை.
பன்னிரண்டு வயதில்
இரண்டு குட்டிகளைச் சாகக் கொடுத்துக் கற்ற கை.
அவனே சொல்வான்.

எனக்கு ஒன்பது நாள்தான் ஆகிறது.

பசி அழுகை வேறு, வாயு அழுகை வேறு என்று
நேற்றிலிருந்து பிடிபடுகிறது.
பழைய டிராக்டரின் இருமலையும்
இப்படித்தான் படித்தேன், காதை வைத்து, தப்பாக, மறுபடியும்.
இதுதானா அது என்று கேட்காதீர்கள்.

நூற்றேழு இப்போது குட்டியைக் குடிக்க விடுகிறதாம்,
உல்ஃபர் கொம்பைப் பிடித்துக்கொண்டால்.

மணி மூன்று.
பிளாஸ்டிக்கின் ஓரம் விட்டு
ஒரு கீற்று வெளிச்சம் அவள் இமையில் விழுகிறது.
டேப் எங்கே வைத்தேன் என்று
இருட்டில் தேடுகிறேன்.